மகாராணியின் சுண்டுவிரல்

மகள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கடைசித் தடவையாகச் சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது."

"எந்த வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

காவலருக்கு நன்றாகவே தெரியும். அருங்காட்சியகத்தின் சிற்பக்கூடத்தில் கதவு திறந்ததிலிருந்து சாத்தும் வரைக்கும் அவர் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது. 'தொடாதீங்க.' அதற்குத் துணைக்கு இன்னொன்று உண்டு, 'தள்ளி நின்னு பாருங்க.' இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து ஆளாக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு 'தள்ளிநில்லு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"தப்பித் தவறி சொல்லிட்டேன்னா?"

"நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டுக்குறோம். உங்களுக்கு போட்டோ அனுப்புறேன். தொடாம, தள்ளி நின்னு பாத்துக்கோங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. உள்ளே கட்டிலில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மனைவி குரல் கொடுத்தாள். "அவ சொன்னா செய்வா. நான் பெத்த பொண்ணு, எனக்குத் தெரியாதா? வாயைக் கட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க."

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. மகள் கட்டிக்கொள்ள நினைத்த பையன் ஓர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். மகள் அதே ஆஸ்பத்திரியில் கை கால் உடைந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவள். அவன் கொண்டுவந்து இறக்குவான், இவள் கட்டுப் போடுவாள், அப்படியே பேச்சு வளர்ந்துவிட்டது. அதில் காவலருக்கு ஒரு குறையும் இல்லை. பையனின் அம்மா தையல்காரர். அப்பா இல்லாத பிள்ளையை மெஷினை மிதித்து மிதித்தே பெரியவனாக்கியவர். முதல் தடவை அம்மாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சுக்கு நடுவில் அந்த அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரைச்சீலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

காவலர் அப்போது பிஸ்கட் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். கண் பார்த்ததுமே வாய் முந்திக்கொண்டது.

"தொடாதீங்கம்மா! தள்ளி நின்னு பாருங்க!"

பெரிய கூடத்தில், உயரமான கூரைக்குக் கீழே, அடுத்த கோடியில் நிற்கிறவர் காதில் விழும்படி பழக்கிய குரல் அது. அந்தச் சின்ன வீட்டில் இடி இறங்கின மாதிரி இருந்தது. அந்த அம்மா திரையை விட்டுவிட்டார். வந்து உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தக் கை பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. புறப்படும்போது 'வரோம்' என்று சொல்லவில்லை, "கிளம்புறோம் சார்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

அன்று அவர்கள் படியிறங்கின பிறகு மகள் அழவில்லை, கத்தவும் இல்லை. "நான் வீட்டுல வளரல அப்பா, மியூசியத்துலதான் வளர்ந்தேன். ரேடியோவைத் தொடாதே, கண்ணாடியைத் தொடாதே, சுவரைத் தொடாதே. நீங்க என் கையைப் பிடிச்சுக் கடைசியா எப்போ நடந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவருக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவரைக் குடைந்தது. வேலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அந்தக் கை முன்னால் வருவதில்லை. மகள் முதல் சம்பளம் வாங்கி வந்த அன்றும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே "நல்லது, நல்லது" என்றுதான் சொன்னார். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதையும் சிலையை மறிக்கிற கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பது போலத் தள்ளி நின்றே வைத்திருந்தார்.

பல வாரம் பேச்சு மூச்சு இல்லை. பிறகு அந்த அம்மாவே பிள்ளையிடம் சொல்லியனுப்பினார். "அந்த ஆளை அவர் வேலை பாக்குற இடத்துல வச்சு ஒரு தடவை பாக்கணும். அப்புறம் முடிவு சொல்றேன்." இன்று அதற்குத்தான் போகிறார்கள். அது காவலருக்கு வார விடுமுறை நாள்.

அருங்காட்சியகத்தின் முன்வாசல் வழியாக அவர் உள்ளே போவது அதுவே முதல் தடவை. எப்போதும் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்து வழியாகத்தான் போவார். சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் நின்றது, பல் துலக்காமல் வந்து நின்ற மாதிரி கூச்சமாக இருந்தது. சீருடை இருந்தால் ஒரு பார்வை போதும், சீருடை இல்லாவிட்டால் அவரும் பத்தோடு பதினொன்றுதான்.

தையல்கார அம்மா கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு குட்டிக் கத்தரி தொங்கியது, நூல் வெட்டுகிற கத்தரி. வாசலில் சோதனை போடுகிறவர் அதைக் கேட்டு வாங்கி ஒரு தட்டில் வைத்தார்.

"அதைக் கழட்டினா எனக்குக் கழுத்தே இல்லாத மாதிரி இருக்குமேப்பா," என்றார் அம்மா.

"போகும்போது கழுத்தை வாங்கிக்கலாம்மா," என்றார் சோதனைக்காரர்.

பையன் வந்ததுமே காவலரிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, வெளிய போற வழி எது?"

"இப்பத்தானே தம்பி உள்ளே வந்தோம்!"

"இல்ல மாமா, எங்க போனாலும் முதல்ல அதைப் பாத்து வச்சுக்குவேன். தொழில் பழக்கம்."

காவலருக்கு இது பிடித்திருந்தது. தொழில் பழக்கம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா!

இப்போது அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ராத்திரியெல்லாம் யோசித்துப் போட்ட திட்டம். 'தொடாதீங்க' என்று சொல்லத்தானே கூடாது? தொட முடியாதபடி செய்துவிட்டால்? கை இரண்டும் நிறைந்திருந்தால் எதைத் தொட முடியும்? வாசலைத் தாண்டியதுமே தண்ணீர் பாட்டிலை அந்த அம்மாவிடம் நீட்டினார். "தாகம் எடுக்கும், வச்சுக்கோங்க." பிறகு கூடங்களின் வரைபடத்தைக் கொடுத்தார். பிறகு, "வெளியே மழை வந்தாலும் வரும்," என்று சொல்லிக் குடையையும் கொடுத்தார்.

"உள்ளேயுமா சார் மழை பெய்யும்?" என்றார் அந்த அம்மா. ஆனாலும் வாங்கிக்கொண்டார். மகள் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

திட்டத்தின் அடுத்த பாதி, முதலில் காசுக்கூடத்துக்குக் கூட்டிப் போவது. அங்கே எல்லாம் கண்ணாடிக்குள். கண்ணாடியை எவ்வளவு வேண்டுமானாலும் தடவட்டும், துடைத்தால் போயிற்று. அப்புறம் நேராகக் கேன்டீன், டீ, வீடு. சிற்பக்கூடத்துப் பக்கமே திரும்பக் கூடாது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது, அதன் பெயர் சின்ன மகாராணி.

சின்ன மகாராணி என்பது ஆள் உயரப் பளிங்குப் பெண் சிலை. யார் வடித்தது, யாருக்காக வடித்தது என்பதெல்லாம் பலகையில் இருக்கிறது. ஊழியர்களுக்கு அவள் சின்ன மகாராணி, அவ்வளவுதான். வலது கையை முன்னால் நீட்டி, 'வா, எழுந்திரு' என்று யாரையோ தூக்கிவிடப் போகிறவள் போல நிற்பாள். போன வாரம் காவலரின் விடுமுறை நாளன்று யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கையில் தன் தோள்பையை மாட்டிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டார். மகாராணியின் சுண்டுவிரல் போய்விட்டது. மறுநாள் காவலர் அதைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். சிலைகளைப் பழுது பார்க்கிற அம்மையார் வந்து விரலை ஒட்டினார். பசை நன்றாக இறுகும்வரை இருக்கட்டும் என்று வெள்ளை நூலால் விரலைச் சுற்றிக் கட்டி, பிறகு அவிழ்க்க வசதியாக ஒரு முனையை நீளமாகத் தொங்கவிட்டுப் போனார். சிலையைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. ஆனால் கயிறு மறித்தது மனிதர்களின் காலைத்தான். மகாராணியின் கை கயிற்றைத் தாண்டித்தான் நீண்டிருந்தது.

காசுக்கூடத்தைக் காவல் காக்கிறவரை எல்லோரும் 'செல்லாக்காசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. "நான் காக்குறது எல்லாமே செல்லாக்காசுதானே," என்பார். அந்தக் கூடத்துக்கு ஆள் வருவதே அபூர்வம். வந்தவர்களை அவர் லேசில் விடமாட்டார்.

"வாங்க வாங்க! சம்பந்தி வீட்டுக்காரங்களா? இதைப் பாருங்க. தலை ரெண்டு தடவை விழுந்த காசு. அடிச்சவன் தூக்கத்துல அடிச்சிருக்கான். உலகத்துலயே..."

"இன்னும் சம்பந்தி ஆகல," என்றார் தையல்கார அம்மா.

கூடமே குளிர்ந்துபோனது. செல்லாக்காசு வாயைத் திறந்தபடியே நின்றார். காவலர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து ஒவ்வொரு காசாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இந்த ராஜாவுக்குக் கழுத்துப் பட்டி சரியா உக்காரல. அளவெடுத்தவன் பயந்துபோய்த் தூரத்துல நின்னு எடுத்திருக்கான்."

"இருக்கும்மா," என்றாள் மகள், அவசரமாக.

"அது சரி, எல்லா ராஜாவும் ஏன் ஒரு பக்கமாவே பாக்குறாங்க? ஒருத்தருக்காவது நேரா மூஞ்சியைப் பாக்கத் தைரியம் இல்ல போல." சொல்லிவிட்டு நிமிர்ந்து காவலரைப் பார்த்தார். காவலர் அந்த நேரத்தில் அசல் காசில் அடித்த ராஜா போலவே பக்கவாட்டில் திரும்பி நின்றார்.

இதுதான் சமயம் என்று அவருக்கே தோன்றியது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு வீட்டுல நான்... அதாவது அந்தத் திரை..."

"இதைப் பாக்காம போகக்கூடாது!" என்று செல்லாக்காசு பூதக்கண்ணாடியோடு நடுவில் புகுந்தார். "தலை விழ வேண்டிய இடத்துல பூ விழுந்திருக்கு, பூ விழ வேண்டிய இடத்துல..."

காவலருக்கு அந்தப் பூதக்கண்ணாடியைப் பிடுங்கி அவர் தலையில் விழவைக்கலாம் போல இருந்தது. அரைகுறையாக வந்த மன்னிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. "சரி, எல்லாரும் டீ சாப்பிடப் போலாமா?" என்றார்.

"என்ன சார் இது? உங்க கூடத்தைப் பாக்கத்தானே நான் வந்தேன்? காசு பாக்கவா வந்தேன்?"

வேறு வழி இல்லை. போகிற வழியில் காவலர் மகளின் தோள்பையையும் வாங்கி, "கொஞ்சம் பிடிங்க," என்று அந்த அம்மாவின் இன்னொரு கையில் கொடுத்துவிட்டார். இப்போது பாட்டில், வரைபடம், குடை, பை. திருவிழாவுக்குப் போய் வந்தவர் மாதிரி அந்த அம்மா சுமந்துகொண்டு வந்தார். மருந்துக்குக்கூட ஒரு விரல் சும்மா இல்லை. காவலருக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிற்பக்கூடத்தில் அவருக்குப் பதிலாக அன்று வேலையில் இருந்தது ஒரு புதுப் பெண். பெயரே 'புதுசு'தான். தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், காவலரைக் கண்டதும் எழுந்து போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

தையல்கார அம்மா கூடத்தை நிதானமாகச் சுற்றிவந்தார். தலையில்லாத வீரனிடம் நின்று, "இவருக்குத் தோள் அகலம், கை கொஞ்சம் நீளமா விடணும்," என்றார். சிறகு முளைத்த குதிரையிடம் நின்று பெருமூச்சு விட்டார். கல்லில் செதுக்கிய துணி மடிப்பு ஒவ்வொன்றையும் பார்த்து அவர் விரல்கள் குடைப்பிடியில் துடிப்பது காவலருக்குத் தெரிந்தது. துணியைக் கண்ணால் மட்டும் பார்க்க அந்தக் கைக்குத் தெரியாது. பாவமாக இருந்தது. ஆனால் தொடவில்லை. தொட முடியவில்லை. திட்டம் வேலை செய்தது.

"சார், கொஞ்சம் வரீங்களா? அந்தக் கதவுப் பூட்டு மாட்ட மாட்டேங்குது," என்று புதுசு கூப்பிட்டாள்.

"எனக்கு இன்னைக்கு லீவும்மா," என்றபடியே அவர் போய்ப் பூட்டைப் பார்த்தார். அதுதான் தப்பு.

ஆம்புலன்ஸ்காரன் இதற்குள் வெளியே போகிற வழியைக் கண்டுபிடித்துவிட்டான். "அம்மா, இப்படி வாங்க, இது குறுக்கு வழி," என்று எல்லோரையும் தூணுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனான். தூணுக்கு அந்தப் பக்கம்தான் சின்ன மகாராணி நிற்கிறாள்.

காவலர் பூட்டை மாட்டிவிட்டுத் திரும்பினார். தையல்கார அம்மா மகாராணியின் எதிரே நின்றார். மகாராணியின் கை அவர் முகத்துக்கு நேராக நீண்டிருந்தது. அந்தக் கையிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது.

துணியில் நூல் தொங்கினால் ஒரு தையல்காரருக்கு எப்படி இருக்கும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அது கல்லா, துணியா என்று யோசிக்கிற நேரமெல்லாம் அதில் இல்லை. அம்மா கழுத்தைக் குனிந்து பார்த்தார், கத்தரி வாசலில் இருந்தது. கையைப் பார்த்தார், இரண்டும் நிறைந்திருந்தன. அப்புறம், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இத்தனை காலமாக என்ன செய்தாரோ அதைச் செய்யப் போனார். பல்லால் கடித்து அறுக்க வாயைக் கொண்டுபோனார்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மகாராணியின் கையில் முத்தம் கொடுக்கப் போகிற மாதிரிதான் இருந்திருக்கும். காவலருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நூலை இழுத்தால் முடிச்சு அவிழும், முடிச்சு அவிழ்ந்தால் விரல் தரையில்.

அவர் ஓடினார். 'ஓடாதீங்க' என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே நரைத்தவர், அந்தக் கூடத்தில் முதல் தடவையாக ஓடினார். வார்த்தை தொண்டைக்கு வந்தது, நாக்குக்கு வந்தது, பல்லில் வந்து முட்டியது. எதிரே மகள் நின்றாள். அவள் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வார்த்தையை அப்படியே விழுங்கினார். விழுங்கிவிட்டு, பின்னால் கட்டியே பழகிய கையை முன்னால் நீட்டி, நூலுக்கும் பல்லுக்கும் நடுவில் கொடுத்தார்.

அந்த அம்மாவின் பல் கெட்டியான பல். தடித்த ஜீன்ஸ் நூலையே ஒரே கடியில் அறுக்கிற பல். அது காவலரின் சுண்டுவிரலில் இறங்கியது.

"ஐயோ!"

வாயில் அகப்பட்டது நூல் இல்லை என்று தெரிந்ததும் அம்மா பதறிப்போய்ப் பின்வாங்கினார். பாட்டில் விழுந்து உருண்டது. பை விழுந்தது. குடை விழுந்து காலுக்குக் குறுக்கே படுத்தது. குடை தடுக்கித் தள்ளாடியபோது எதையாவது பிடிக்கவேண்டி அவர் கை காற்றில் துழாவியது. எதிரே தூக்கிவிடத் தயாராக மகாராணியின் கை. அந்த அம்மாவின் கை அதை நோக்கிப் போனது.

"தொடாதீங்க! தள்ளி நில்லுங்க!"

கூடமே அதிர்ந்தது. கல் சிங்கத்தின் முன்னால் நின்ற ஒரு கிழத் தம்பதி கையை மேலே தூக்கிவிட்டார்கள். புதுசு போனைக் கீழே போட்டாள். பக்கத்துக் காசுக்கூடத்திலிருந்து செல்லாக்காசு பூதக்கண்ணாடியோடு ஓடிவந்தார். தையல்கார அம்மா மகாராணிக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே சிலையாகி நின்றார். அதற்குள் பிள்ளை பாய்ந்து வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் ஓட்டிய பழக்கம் அன்றைக்கு உதவியது.

எல்லோரும் காவலரைப் பார்த்தார்கள். காவலர் விரலைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். சொன்னது அவர் இல்லை. மகள்தான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதே குரல், அதே இழுப்பு. வலியோடு வலியாக அவருக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் பொங்கியது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

தையல்கார அம்மா மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு," என்றார்.

யாருக்கும் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, நான் வேணும்னு..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. முதல்ல உங்கப்பா விரலைப் பாரு. ரத்தம் வருது. வெறி நாய் கடிச்ச மாதிரி கடிச்சு வச்சிருக்கேன், பாவம்."

புதுசு நாற்காலிக்கு அடியிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். காவலரைத் தூணோர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த நாற்காலியில் வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மகள் முன்னால் மண்டியிட்டு அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

தையல்கார அம்மா மகாராணியின் விரலைக் கிட்டப் போகாமல், தள்ளியே நின்று உற்றுப் பார்த்தார். "ஒட்டிக் கட்டியிருக்கா? அதுக்குத்தானா நூல்? நான் அறுத்திருந்தா?"

"விழுந்திருக்கும்மா," என்றார் காவலர்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக்கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருந்தா." அப்புறம் இனி மறைத்து என்ன என்று தோன்றவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாட்டில் கொடுத்தது, குடை கொடுத்தது, பை கொடுத்தது எல்லாம் எதற்கென்று சொன்னார். "அன்னைக்கு வீட்டுல உங்களை அப்படிச் சொன்னது பெரிய தப்பும்மா. வாய் பழகிப் போச்சு. அதனால என் பொண்ணு கல்யாணத்துல நான் தள்ளி நிக்க வேண்டியதாயிடுமோன்னு பயந்து போயிட்டேன். மன்னிச்சுடுங்க."

மகளின் கை பஞ்சோடு ஒரு கணம் நின்றது.

அந்த அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்குக் கோபம் நீங்க சொன்னதுல இல்ல. உங்க வீட்டுத் திரையில ஓரம் பிரிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. பையில ஊசி நூல் வச்சிருந்தேன். பேசிக்கிட்டே தச்சுக் குடுத்துட்டு வந்திருப்பேன். எனக்கு நாலு பேர்கிட்ட நல்லபடியாப் பேசத் தெரியாது சார், கையாலதான் தெரியும். அந்தக் கையே வேண்டாம்னு சொன்ன வீட்டுல நான் எப்படி உறவு கொண்டாடுறது?"

காவலர் தன் கையைப் பார்த்தார். மகள் சுத்தம் செய்து, மருந்து போட்டு, சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க யார் யார் கையையோ பிடித்துக் கட்டுப் போடுகிறவள். இந்தக் கை மட்டும் அவளிடம் வந்து சேர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, அதுவும் கடிபட்டுத்தான் வர வேண்டியிருந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வலி என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

"திரை இன்னும் பிரிஞ்சுதான்மா தொங்குது," என்றார். "நீங்க வந்து தச்சுக் குடுங்க."

"வராம? கடிச்சாச்சு. இனிமே உறவு இல்லன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

செல்லாக்காசு இதைக் கேட்டதும் இருப்புக்கொள்ளாமல், "அப்போ சம்பந்தி ஆகியாச்சா? இனிமே சொல்லலாமா?" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் இந்தத் தடவை மறுக்கவில்லை.

பையனுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும். "அப்பாடா!" என்று மூச்சுவிட்டு, பக்கத்திலிருந்த கல் சிங்கத்தின் முதுகில் ஒயிலாக முழங்கையை ஊன்றினான்.

"தொடாதீங்க!"

அப்பாவும் மகளும் ஒன்றாகத்தான் கத்தினார்கள். கூடவே மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்துகொண்டது. அது அவனைப் பெற்றவள் குரல். பையன் சூடு பட்டவன் போலத் துள்ளி நகர்ந்தான். "இந்தக் குடும்பத்துல நான் எப்படித்தான் குப்பை கொட்டப் போறேனோ," என்றான்.

மகள் கட்டி முடித்தாள். கட்டுத் துணியின் ஓரத்தில் ஒரு நூல் மட்டும் பிரிந்து தொங்கியது. தையல்கார அம்மாவின் கண் நேராக அதில் போய் விழுந்தது. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார். மகாராணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடியும் நூலைப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணா," என்றார். அதுவரை சார் என்றுதான் சொல்லியிருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நூலு... தொடலாமா?"

காவலர் மகளைப் பார்த்தார். கட்டுப் போட்டு முடித்த பிறகும் அவள் அவர் கையை விடவில்லை. அவரும் பின்னால் கொண்டுபோகவில்லை.

"தொடுங்க சம்பந்தியம்மா," என்றார்.

அந்தக் கூடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. புதுசு தன் காதையே நம்பாமல் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா குனிந்து, மகள் பிடித்திருந்த அந்தக் கையைத் தானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, நூலைக் கடித்தார்.

இந்தத் தடவை நூல் மட்டும்தான் அறுந்தது.